ரோதைமுனிக்கு ஒரு சுருட்டு

பலாங்கொடையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் பெட்டியில் இரண்டு வேட்டி, ஒரு பத்திரம், பத்துக் கட்டு பீடி இருந்தன. பத்திரம் என் அத்தை மகன் கதிர்வேலுவின் கையெழுத்துக்காக. துறையூரில் தாத்தாவின் வீட்டைப் பிரிக்க வேண்டியிருந்தது. காலமாகிவிட்ட அத்தையின் பங்குக்கு அவன் சம்மதம் தேவைப்பட்டது. பீடி என் சொந்த யோசனை. 'நல்ல பீடிக்கு நாக்குச் செத்துப்போச்சு மச்சான்' என்று அவன் எப்போதோ எழுதியிருந்தான். சுங்கச் சோதனையில் அந்தப் பத்துக் கட்டையும் வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை எந்தக் கடத்தல்காரனும் பட்டிருக்க மாட்டான்.

கதிர்வேலுவை நான் நேரில் பார்த்ததே இல்லை. அவன் இங்கேயே பிறந்து, இங்கேயே தேயிலைத் தோட்டத்து லாரி டிரைவர் ஆனவன். எங்கள் வீட்டில் அவனுடைய போட்டோ ஒன்று உண்டு. லாரி முன்னால் நின்று வாயில் சிகரெட்டோடு எடுத்துக்கொண்டது. பஸ் நிலையத்தில் அதே லாரியும் அதே முகமும் நின்றன. சிகரெட் மட்டும் இல்லை.

"வாங்க மச்சான். பிரயாணம் எல்லாம் ஹரிதானே?" என்றான். 'ஹரி' என்றால் சரி. பேச்சில் பாதி நம் திருச்சிப் பக்கத்துத் தமிழ், இடையிடையே சிங்களம். நாங்கள் தொலைத்துவிட்ட சில சொற்களை அவன் பத்திரமாக வைத்திருந்தான். எங்கள் லாரி அவனுக்கு லொறி, அவ்வளவுதான் வித்தியாசம்.

மலைச் சாலையில் ஏறும்போது பெட்டியைத் திறந்து பீடிக்கட்டை நீட்டினேன். அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். கட்டை வாங்கி முகர்ந்து பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் முகர்ந்தான். அப்புறம் என் மடியில் திருப்பி வைத்தான்.

"நான் நிறுத்தி இன்னையோட முப்பத்தொம்பது நாளுங்க மச்சான். நீங்க வந்து என்னக் கொல்லப் பாக்குறீங்களே."

விஷயம் இதுதான். தேயிலைக்கு மோப்பம் அதிகம். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொண்டுவிடும். மண்ணெண்ணெய், வெங்காயம், சோப்பு, புகை எதுவானாலும் ஒட்டிக்கொள்ளும். இந்தத் தோட்டத்துத் தேயிலையில் புகை நாற்றம் அடிக்கிறது என்று கொழும்பில் ருசி பார்ப்பவர்கள் இரண்டு முறை எழுதிவிட்டார்களாம். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகிறவன் கதிர்வேலு. அவன் ஒரு நாளைக்கு முப்பது சிகரெட் பிடிக்கிறவன் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். வேறு யாரைத் தேடுவார்கள்?

"மூணாவது கடுதாசி வந்துச்சுன்னா லொறிச் சாவியக் குடுத்துட்டு மலைக்குப் போயிரணும்னு துரை சொல்லிட்டாருங்க" என்றான். துரை என்றால் தோட்டத்தின் மேலாளர். மலைக்குப் போவது என்றால் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடி வெட்டும் கூலியாகப் போவது. டிரைவருக்குத் தனியாக ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். அதையும் விட்டுவிட்டு மனைவியோடு லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒற்றை அறைக்குத் திரும்ப வேண்டும். பதினொரு வருஷம் லாரி ஓட்டியவன். அந்தத் தோட்டத்துத் தமிழர்களில் சாவி கையில் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

வீட்டு வாசலில் அவன் மனைவி புஷ்பம் நின்றாள். "வாங்கண்ணே" என்று என்னை வரவேற்றுவிட்டு, புருஷனைப் பார்த்து, "ஊதுங்க" என்றாள். அவன் சமர்த்தாக வாயைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே ஊதிக் காட்டினான். அவள் முகர்ந்து, தலையசைத்து, உள்ளே விட்டாள். எங்கள் ஊரில் கள் குடித்தவனைப் போலீஸ் இப்படிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பார்த்தது இதுவே முதல் முறை. நானும் ஒரு நாளைக்குப் பத்து பிடிக்கிறவன் என்பதை அப்போது அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

சாப்பாடு தேங்காய் ரொட்டி, மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச்சம்பல். அரிசிக்குக் கூப்பன், ரொட்டிக்கடையில் வரிசை என்று நாடே வயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சீனி கிடையாது. பால் கலக்காத தேநீரோடு உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டியை வைத்தாள். அதைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். தேயிலை விளைகிற மலையில் நல்ல தேநீர் கிடைக்கும் என்று நம்பிப் போயிருந்தேன். நல்லதெல்லாம் கப்பல் ஏறிவிடும், மிஞ்சும் தூள்தான் விளைவித்தவர்களுக்கு. ஆனால் சம்பலின் காரம் இன்னும் நாக்கில் இருக்கிறது.

மறுநாள் காலை கொழும்புக்கு லோடு. பத்திரத்தில் கையெழுத்துப் போட வழியில் இரத்தினபுரியில் நொத்தாரிசு என்கிற ஒரு நோட்டரியைப் பார்ப்பதாக ஏற்பாடு. தேயிலைத் தொழிற்சாலை வாசலில் பெட்டிகளை ஏற்றி முடித்து, தார்ப்பாய் கட்டியானதும், கதிர்வேலு செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கு வெளியே ஒரு மரத்தடிக்குப் போனான். அங்கே குங்குமம் பூசிய ஒரு கல். பக்கத்தில் தேய்ந்துபோன பழைய இயந்திரச் சக்கரம் ஒன்று.

"ரோதமுனி" என்றான். ரோதை என்றால் சக்கரமாம். தொழிற்சாலையில் சுற்றும் சக்கரமானாலும் சாலையில் ஓடும் சக்கரமானாலும் காவல் இந்த முனிதான். கை கால் மாட்டிக்கொள்ளாமல், பிரேக் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வாராம். அவருக்குப் பிடித்தது சுருட்டு. லோடு ஏறும் ஒவ்வொரு நாளும் ஒன்று வைத்தாக வேண்டும்.

சுருட்டை எடுத்தான், தீக்குச்சியைக் கிழித்தான். அப்போதுதான் எனக்கு அந்தச் சிக்கல் உறைத்தது. சுருட்டை இழுக்காமல் பற்றவைக்க முடியாது. கதிர்வேலு அதை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தான், நுனி சிவந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று இழுத்தான். அது கொஞ்சம் நீளமான இழுப்பு. பிறகு பயபக்தியோடு கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"என்ன மச்சான், சாமி பேரைச் சொல்லிக் கள்ளப் புகையா?" என்று கேட்டேன்.

"பாவம் மச்சான் அப்படிச் சொல்லாதீங்க. அது சாமி கணக்கு. பொஞ்சாதிகூட ஒத்துக்கிட்டா." முகம் கறுத்துவிட்டது. நான் கேட்டிருக்க வேண்டாம்.

லாரி இறங்கத் தொடங்கியது. சிகரெட் இல்லாத டிரைவரின் பக்கத்தில் உட்கார்ந்து மலைப்பாதையில் போவது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. கறுவாப்பட்டைத் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டே இருந்தான். எதிரே வந்த மாட்டு வண்டியைத் திட்டினான். மழையைத் திட்டினான். எல்லாவற்றையும் விட அவனைக் குழப்பியது தூரம்.

"முன்னெல்லாம் பெல்மதுளைக்கு மூணு சிகரெட்டுங்க. இரத்தினபுரிக்கு இன்னும் ரெண்டு. மொதோ சிகரெட்டு வெரலச் சுடுறப்போ பாலம் வந்துரும். இப்ப எங்க வந்துருக்கோம்னே வெளங்கல. பொழுதும் போகல, தூரமும் போகல."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து எனக்கும் சிரிப்பு வரவில்லை. என் சட்டைப் பையில் சிகரெட் இருந்தது, தேயிலை லாரியில் பிடிக்கக்கூடாது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெல்மதுளைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து சாலையில் விழுந்திருந்தது. எங்களுக்கு முன்னால் ஏழெட்டு லாரிகள். மண்வெட்டியோடு ஆட்கள் வரும் வரை நான்கு மணி நேரம் காத்திருந்தோம். பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. அதன் தூணில் தென்னங்கயிறு ஒன்று தொங்கி நுனியில் கனன்றுகொண்டே இருந்தது. சிகரெட்டை உதிரியாக வாங்கி, கயிற்று நெருப்பில் முகத்தை நீட்டிப் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். தீப்பெட்டியும் தட்டுப்பாடு. டிரைவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கயிற்றுக்குத் தலை குனிந்துவிட்டு வந்தார்கள்.

கதிர்வேலு கொஞ்ச தூரத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். அவர்கள் விடவில்லை, சுற்றி வந்து நின்றுகொண்டார்கள். சிகரெட்டை விட்டவனைக் கண்டால் விடாதவர்களுக்கு ஒரே வேடிக்கை.

குணபால என்ற சிங்கள டிரைவர் சொன்னதைக் கதிர்வேலுவே எனக்கு மொழிபெயர்த்தான். "நானும் விட்டேன், ஒரு வருஷம். அந்த வருஷம் முழுக்கப் பொண்டாட்டியோட சண்டை. கடைசியில அவளே கடைக்குப் போய் ஒரு பெட்டி சிகரெட் வாங்கிட்டு வந்து கையில குடுத்தா. பிடி, ஆனா பேசாம பிடின்னா."

எல்லோரும் சிரித்தார்கள். பலாங்கொடையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் டிரைவர், வயதானவர், சிரிக்காமல் சொன்னார்: "நோம்பு மாசம் முப்பது நாளும் பகல்ல தொடாமத்தான் வண்டி ஓட்டுறன். அந்திக்குப் பள்ளியில வாங்கு சொன்ன பொறகுதான். முப்பது நாள் ஏலுமெண்டா முன்னூறு நாளும் ஏலும் தானே? ஆனா ஏலாது தம்பி. ஏன் ஏலாதெண்டு எனக்கே வெளங்கல்ல." பிறகு கதிர்வேலுவின் தோளைத் தட்டினார். "நீங்க விட்டிருக்கிறது பெரிய விஷயம். இவனுகள்ட பேச்சக் கேக்க வாணாம்."

அந்த மனிதர் தன் சிகரெட்டை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, மீதி நேரமெல்லாம் கதிர்வேலுவோடு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தார். நான் கடைக்குப் பின்னால் போய் இரண்டு பிடித்தேன். ஒற்றுமைக்காக நானும் பிடிக்காமல் இருந்தேன் என்று எழுத ஆசைதான். இருக்க முடியவில்லை.

இரத்தினபுரி போய்ச் சேர மாலையாகிவிட்டது. வேட்டியும் கோட்டும் அணிந்த நொத்தாரிசு பத்திரத்தை ஒருமுறை படித்தார், கதிர்வேலு படிக்காமலே கையெழுத்துப் போட்டான். "பாக்காத ஊட்டுல எனக்கு எதுக்குப் பங்கு? நீங்க இருந்துக்குங்க" என்றான். நான் கடல் தாண்டி வந்த வேலை முடிந்துவிட்டது. கடலை தின்னும் நேரம்கூட ஆகவில்லை. பீடிக் கட்டுகளைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டோம். அவர் கொண்டாடிய கொண்டாட்டத்தைக் கதிர்வேலு பார்க்காமல் லாரிக்குப் போய்விட்டான்.

கொழும்பில் பெட்டிகளை இறக்கிவிட்டு மூன்றாம் நாள் தோட்டத்துக்குத் திரும்பினோம். அன்றும் வாசலில் ஊதிக் காட்டினான். அன்றும் பாஸ்.

ஐந்தாம் நாள், நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அந்தக் கடிதம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் போன லோடு. மறுபடியும் புகை நாற்றம். டீமேக்கர் ஐயா கூப்பிடுவதாக ஓர் ஆள் வந்து சொன்னான். டீமேக்கர்தான் தொழிற்சாலைக்குப் பொறுப்பு, யாழ்ப்பாணத்துக்காரர். புஷ்பத்தின் கையிலிருந்த மாவு அப்படியே இருந்தது. "நாப்பத்தி மூணு நாளுங்கண்ணே. நான் தெனமும் மோந்து பாத்தேன். நீங்க கூடப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

போனேன். தொழிற்சாலைக்குள் இருந்த சிறிய அறையில் டீமேக்கர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு, கையில் பேனா. மத்தியானத்துக்குள் துரைக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். பாதி எழுதியிருந்தார். கதிர்வேலு கதவருகே கைகட்டி நின்றான். நான் முன்னே போய், நான் யார் என்று சொல்லி, நான்கு நாளாக அவனோடு இருக்கிறேன், ஒரு சிகரெட்கூடத் தொடவில்லை என்றேன்.

"நீங்கள் வந்த இந்த நாலு நாளைப் பற்றித்தானே சொல்லலாம். இது மூண்டு கிழமைக்கு முந்தின சரக்கு" என்றார். நியாயமான பேச்சுதான். பிறகு கதிர்வேலுவைப் பார்த்தார். "நீ சொல்லு. அண்டைக்குப் புகைச்சனியோ, இல்லையோ? ஒரு சொல்லிலை சொல்லு. இல்லையெண்டா இல்லையெண்டு எழுதுறன்."

இல்லை என்று சொன்னால் போதும். அவர் எழுதத் தயாராகவே இருந்தார். நான் கதிர்வேலுவின் முழங்கையை இடித்தேன்.

அவன் முழங்கையை விலக்கிக்கொண்டான். அப்புறம், "லொறியில இல்லைங்கய்யா" என்றான்.

"பின்னை எங்கை?"

"ரோதமுனிக்குச் சுருட்டு வச்சேங்க. பத்த வைக்க ஒரு இழுப்பு இழுக்கணும்ங்க. அது சாமிக்கு." நிறுத்தினான். "ரெண்டாவது இழுப்பு எனக்காக இழுத்தேங்க. ஒவ்வொரு லோடுக்கும் அப்படித்தாங்க. அந்த வாயோடதான் வண்டியில ஏறுனேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அங்கேயே அறைந்திருப்பேன். நாற்பத்து மூன்று நாள் கறுவாப்பட்டையைக் கடித்துக்கொண்டு கிடந்தவன், ஓர் இழுப்புக்காக லாரியையும் வீட்டையும் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டான். கேட்டவருக்கு அது தெரிய வேண்டியதே இல்லை. பெட்டிக்குள் ஈயத்தாள், மேலே பலகை, அதற்கு மேல் தார்ப்பாய். வாயில் ஒட்டிய புகை அதற்குள் எப்படிப் போகும்? ஆனால் அவன் நிஜமாகவே அப்படி நம்பினான். இத்தனை நாளும் அதை மனதில் போட்டு உருட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். நான் கள்ளப் புகை என்று கேலி செய்தபோது முகம் ஏன் கறுத்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது.

டீமேக்கர் பேனாவைக் கீழே வைத்தார். எழுதின தாளை இன்னொரு தரம் படித்தார். பக்கத்து அறையில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு எழுந்து அலமாரியைத் திறந்தார். உள்ளே வரிசையாகத் தகர டப்பாக்கள். தேயிலையைப் பெட்டியில் அடைக்கும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, டப்பாவில் போட்டு, இலக்கம் எழுதி இங்கேயே வைத்துவிடுவது வழக்கமாம். கடிதத்தில் இருந்த இலக்கத்தைப் பார்த்து ஒரு டப்பாவை எடுத்தார். தானே வெந்நீர் ஊற்றினார். ஆறு நிமிஷம் ஊறவிட்டார். கரண்டியால் எடுத்துச் சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பினார். இன்னொரு தரம் செய்தார். கோப்பையைக் கதிர்வேலு பக்கம் தள்ளினார்.

"குடிச்சுப் பார்."

கதிர்வேலு இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். அவன் முகம் மாறியது. நானும் வாங்கிக் குடித்தேன். எனக்குத் தேயிலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஈர விறகு அடுப்பில் வைத்த காப்பி எப்படியிருக்கும் என்று தெரியும்.

"இந்தத் தேயிலை உன்ரை லொறியிலை ஏறவேயில்லை" என்றார் டீமேக்கர்.

தேயிலையைக் காயவைக்கும் இயந்திரத்துக்கு அடுப்பிலிருந்து சூடான காற்று போக ஒரு குழாய் இருக்கிறது. அதில் வெடிப்பு, அதன் வழியாக விறகுப் புகை உள்ளே கசிகிறது. அது அவருக்குத் தெரிந்திருந்தது. புதுக் குழாய் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அந்தக் காலத்தில் எதுவும் வராது. தொழிற்சாலையின் பிழை என்று எழுதினால் முதலில் போவது அவருடைய வேலை. மூன்று பெண்பிள்ளைகள், எல்லோரும் யாழ்ப்பாணத்தில் படிக்கிறார்கள். இதையெல்லாம் அவர் எங்களைப் பார்க்காமல், டப்பாவின் மூடியை மூடிக்கொண்டே சொன்னார். "முதல் கடிதம் வந்த உடனையே இந்தப் பேணியைத் திறந்திருக்க வேணும். பயத்திலை திறக்கேல்லை" என்றார். எழுதிய தாளை நான்காகக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தத் தாளை அவர் எழுதி முடிக்கும் வரை அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையைத் துரைக்கு அனுப்பிவிட்டு எங்களைத் தொழிற்சாலைக்கு வெளியே, பக்கத்திலிருந்த தன் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போனார். அவர் விறாந்தையில் ஏறினார், என்னையும் ஏறச் சொன்னார். கதிர்வேலு பழக்கப்படி முற்றத்திலேயே நின்றான். தோட்டத்தில் தொழிலாளி, உத்தியோகஸ்தர்களான ஐயாமார் வீட்டுப் படி ஏறுவதில்லை. டீமேக்கர் உள்ளே போய் ஒரு சிகரெட் டின்னை எடுத்துவந்தார். படியில் இறங்கி, மூடியைத் திறந்து, கதிர்வேலுவுக்கு நேரே நீட்டினார். ஐயாமார் முன்னால் தொழிலாளி சிகரெட்டைப் பின்னால் மறைப்பதுதான் அங்கே வழக்கம். அவர் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

"இனி என்ன, எடும்" என்றார். அதுவரை 'நீ' என்று சொன்னவர், இப்போது 'நீர்' என்கிற மரியாதைக்கு ஏறியிருந்தார்.

கதிர்வேலு டின்னைப் பார்த்தான். பெல்மதுளைச் சாலையில் என் சட்டைப் பையைப் பார்த்தானே, அந்தப் பார்வை இல்லை. தலையை ஆட்டினான்.

"வேணாங்கய்யா. எனக்குக் கொஞ்சம் உக்காரணும்ங்க."

டீமேக்கர் டின்னைத் திண்டில் வைத்துவிட்டு, விறாந்தையிலிருந்த தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். அதை அவனுக்குப் பின்னால் வைத்து, "இரும்" என்றார்.

கதிர்வேலு உட்கார்ந்தான். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதான். டீமேக்கரும் நானும் அவனுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தோம்.